மேற்படிப்புக்கான அனுமதிக் கடிதம்: தெரிவு, பயணம், கடப்பாடு

ஒவ்வோர் ஆண்டும் மாசி முதல் சித்திரை வரையான மாதங்களில் எமது பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களிலே ஒருவகைப் பதற்றம் நிலவுவதைக் காணலாம். சிறப்புப் பட்டம் பெற்று வெளியேறிய மாணவரும், தகுதிகாண் நிலையிலுள்ள இளம் விரிவுரையாளரும் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து தமக்கு வந்த அனுமதிக் கடிதங்களுடன் ஆலோசனை கேட்டு வருவர். இரண்டு கடிதங்கள் வந்தவருக்கு மகிழ்ச்சி இரட்டிப்பாவதில்லை, குழப்பமே இரட்டிப்பாகின்றது. அவர்களிற் பெரும்பாலோர் முதலிற் கேட்கும் வினா ஒன்றுதான்: 'இவ்விரண்டில் எது பெரிய பல்கலைக்கழகம்?'

இவ்வினா தவறான இடத்திலிருந்து தொடங்குகின்றது என்பது எமது கருத்து. அனுமதிக் கடிதத்தைப் பெறுபவர் அதனைத் தமது திறமைக்குக் கிடைத்த பரிசாகவோ, மேலைநாட்டு நிறுவனமொன்றின் கொடையாகவோ எண்ணுகின்றார். பரிசுகளிற் பெரியதைத் தெரிவது இயல்பு. ஆனால் அக்கடிதத்தைக் கூர்ந்து வாசிக்கும்போது, அது குறிப்பிட்ட ஊதியத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு அறிவு உழைப்பை ஈடுபடுத்தும் ஓர் ஒப்பந்தம் என்பது புலனாகும். ஒப்பந்தத்தை அதன் வாசகங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அதனை அனுப்பியவரின் புகழைக் கொண்டன்று. இக்கட்டுரை அவ்வாசிப்புக்கு உதவும் நோக்குடையது. தமிழியல், வரலாறு, சமூகவியல் முதலிய துறைகளிற் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குச் செல்வோரையே நாம் முதன்மையாக மனங்கொண்டுள்ளோம்.

1. பழைய பாதை

மேற்படிப்புக்குக் கடல் கடத்தல் எமது கல்வியமைப்பின் உள்ளேயே அமைந்திருந்த ஒன்று. 1921 இல் நிறுவப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, தனக்கெனப் பட்டம் வழங்கும் உரிமையின்றி இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. அதற்கு முன்னரும், குடியேற்ற அரசு ஆண்டுதோறும் சிறந்த மாணவரைத் தெரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் புலமைப்பரிசில் முறையொன்று நடைமுறையில் இருந்தது. 1870 இல் அதனைப் பெற்ற பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிற் கற்று, 1875 இல் நாடு திரும்பிக் குடியியற் சேவையில் இணைந்தார். இத்தகைய புலமைப்பரிசிலின் பயன் வெளிப்படையானது. ஆளுவதற்கு உதவக்கூடிய உள்நாட்டு உயர்குழாம் ஒன்று அரசுக்குத் தேவைப்பட்டது.

ஆயினும் வரலாறு ஆட்சியாளரின் நோக்கப்படியே நடந்துவிடுவதில்லை. அவ்வாறு அனுப்பப்பட்ட அருணாசலமே 1906 இல் இந்நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தின் முன்னணியில் நின்றார். கொடுப்பவரின் தேவை ஒன்றாகவும், பெறுபவர் அதனைப் பயன்படுத்தும் விதம் வேறொன்றாகவும் அமைவது சாத்தியமே. எந்த நிதியும் நோக்கமின்றி வருவதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே தெற்காசிய மொழிகளைக் கற்பதற்கு அரச நிதி பெருமளவில் ஒதுக்கப்பட்டதற்கு 1958 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமே அடிப்படை. முந்திய ஆண்டில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதன் எதிரொலியாக அது பிறந்தது. எமது மொழியின்மீது எழுந்த அக்கறைக்கு அந்நாட்டின் பாதுகாப்புத் தேவையும் ஒரு காரணம் என்பதைச் சட்டத்தின் பெயரே கூறுகின்றது. இதனை அறிந்துகொள்வது அந்நிதியை மறுப்பதற்காக அன்று. அதனை எந்த நிபந்தனையில் ஏற்கின்றோம் எனத் தெளிவதற்காகும்.

2. வினாவே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்

எமது ஆய்வுலகில் இதற்குச் சிறந்த உதாரணம் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றமையாகும். அக்காலத்திற் பிரித்தானியாவிலே தமிழாய்வு என்றதும் இலண்டனே பலரின் நினைவுக்கு வந்தது. சு. வித்தியானந்தன் 1950 இற் கலாநிதிப் பட்டம் பெற்றது இலண்டனிலேயே. பேர்மிங்காமிலோ தமிழ்த்துறை இருக்கவில்லை. கிரேக்க மொழிப் பேராசிரியராக ஜோர்ஜ் தொம்சன் இருந்தார். 'ஈஸ்கிலசும் ஏதென்சும்' என்ற நூலை 1941 இல் வெளியிட்ட அவர், பண்டைக் கிரேக்க இலக்கியத்தை அதன் சமூக அடித்தளத்தோடு இணைத்து ஆராய்ந்த மார்க்சியவாதி.

தமிழறியாத ஒரு பேராசிரியரின்கீழ்த் தமிழ் ஆய்வு செய்தல் புறநோக்கில் விசித்திரமாகவே தோன்றும். ஆனால் அவ்விருவரும் எழுப்பிய வினாக்களை நோக்கின் அதன் பொருத்தம் விளங்கும். சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வழிவந்த வீரயுகப் பாடல்களாகக் கண்டு, கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிடுவது கைலாசபதியின் நோக்கம். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் தோன்றிய வரலாற்றைச் சமூக வளர்ச்சியின் ஊடாகக் காண்பது சிவத்தம்பியின் நோக்கம். தமிழ்ப் பாடம் அவர்களுக்கு முன்னரே கைவந்திருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தவை ஒப்பியல் நோக்கும் அதற்குரிய முறையியலுமே. அவற்றைத் தரக்கூடியவர் எங்கிருந்தாரோ அங்கே அவர்கள் சென்றனர். கைலாசபதியின் ஆய்வேடு 1966 இல் நிறைவுற்று, 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சிவத்தம்பி 1970 இற் பட்டம் பெற்றார். அவரது ஆய்வு 1981 இற் சென்னையில் நூலாயிற்று.

இதிலிருந்து நாம் பெறக்கூடிய நெறி இது: தெரிவு செய்பவர் முதலில் எழுதிப் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகங்களின் பட்டியலையன்று, தமது ஆய்வு வினாவை. அவ்வினாவுக்குத் தம்மிடம் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாதது முறையியலாயின் அதனைக் கற்பிக்கும் மேற்பார்வையாளரிடம் செல்ல வேண்டும். மூல ஆவணங்களாயின் அவை இருக்கும் ஊருக்குச் செல்ல வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் அமையாதபோது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பயணஞ் செய்ய நிதி உண்டா என்பதே தீர்மானமான வினாவாகும்.

ஆவணங்கள் பற்றிய கவலை எமக்குச் சிறப்பாக உரியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் எமது சமூகத்தின் அச்சு வரலாற்றை எழுத விரும்புவோர் பிரித்தானிய நூலகத்தையும் சென்னை நூலகங்களையும் நாடவேண்டியவராயினர். 2005 முதல் நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரிப்பும் அவர்களுக்குத் துணையாகியுள்ளது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மற்றோர் உதாரணம். சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994 இல் அது உருவானது எனினும் நூல்கள் சென்னையிலேயே உள்ளன. அச்சேகரிப்பை விரிவாகப் பயன்படுத்த விரும்பும் சிகாகோ மாணவரும் சென்னைக்கே வருகின்றார். இந்தியப் பல்கலைக்கழகமொன்றிலிருந்து வரும் அனுமதிக் கடிதத்தைப் 'பெரியது அன்று' எனத் தள்ளிவிடுவோர் இவ்வுண்மையைச் சிந்தித்தல் நன்று.

3. கடிதத்தின் உள்ளடக்கம்

அனுமதிக் கடிதம் ஒன்றில் ஆறு கூறுகளைத் தனித்தனியே பிரித்தறிதல் வேண்டும்: பாடநெறிக் கட்டணம் தள்ளுபடி செய்யப்படுகின்றதா, மாதாந்தக் கொடுப்பனவு எவ்வளவு, அது ஆண்டின் எத்தனை மாதங்களுக்கு உரியது, மருத்துவக் காப்புறுதியை யார் செலுத்துவது, இவற்றுக்கு ஈடாக எவ்வளவு உழைப்பு எதிர்பார்க்கப்படுகின்றது, இவ்வேற்பாடு எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது. இவற்றுள் ஒன்றேனும் கடிதத்திற் கூறப்படவில்லையாயின் அதனை எழுதிக் கேட்டு, எழுத்திலேயே விடை பெறவேண்டும். வாய்மொழி உறுதி ஒப்பந்தமாகாது.

ஐக்கிய அமெரிக்காவில் மானிடவியற் புலங்களின் கலாநிதிப் பட்டத்துக்கு நிதியளிக்கும் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஐந்தாண்டுகளுக்கு உறுதி தருகின்றன. முதல் ஈராண்டுகளிற் பாடநெறிகளும், பின்னர் தகுதிப் பரீட்சையும், அதன்பின் ஆய்வேடும் அமையும். இந்நிதியிற் பெரும்பங்கு கற்பித்தல் உதவியாளராக உழைப்பதற்கான ஊதியமே. எப்-1 வீசாவில் உள்ளவர் கல்வித் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்ய முடியாது. ஆதலாற் கொடுப்பனவு போதாதபோது வெளியே உழைத்து ஈடுசெய்யும் வழி அடைபட்டுள்ளது.

இவ்வுழைப்பு உழைப்புத்தானா என்பதே நெடுங்காலம் வழக்காக இருந்தது. 2016 ஆவணியில், கொலம்பியாப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், தனியார் பல்கலைக்கழகங்களின் கற்பித்தல் உதவியாளரும் ஆய்வு உதவியாளரும் தொழிலாளரே என அந்நாட்டுத் தேசியத் தொழில் உறவுச் சபை தீர்ப்பளித்தது. 2022 கார்த்திகையிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 48,000 கல்விசார் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வீட்டு வாடகை கொடுப்பனவை விழுங்கிவிடுகின்றது என்பது அவர்களின் முறைப்பாடுகளுள் முதன்மையானது. ஆறு வாரமளவில் நீடித்த அப்போராட்டம் ஊதிய உயர்வோடு முடிந்தது. எனவே ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டதாரி மாணவர்க்குத் தொழிற்சங்கம் உண்டா, அதன் கூட்டு ஒப்பந்தம் என்ன கூறுகின்றது என்று விசாரிப்பது, அங்குள்ள நூலகத்தைப் பற்றி விசாரிப்பது போன்றே இன்றியமையாதது.

பிரித்தானிய முறை வேறு. அங்கே பாடநெறிகள் மிகக் குறைவு. மூன்று முதல் நான்கு ஆண்டுகளில் ஆய்வேட்டை முடிக்க எதிர்பார்க்கப்படும். ஆகவே வினாவும் முறையியலும் ஓரளவு தெளிவுற்றவருக்கே அது பொருந்தும். பிறநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்நாட்டவருக்கான கட்டணத்திலும் பன்மடங்கு என்பதால், 'பகுதிப் புலமைப்பரிசில்' என்ற சொல் எந்தக் கட்டணத்தின் பகுதி எனக் கேட்டறிதல் வேண்டும். அரச ஆய்வு மன்றங்களின் நிதி 2021 முதல் பிறநாட்டவருக்கும் வரையறைக்குட்பட்டுத் திறக்கப்பட்டது. அதன் குறைந்தபட்சக் கொடுப்பனவு 2025 - 2026 கல்வியாண்டுக்கு 20,780 பவுண். மறுபுறத்தில் 2024 மாசி முதல் மாணவர் ஒருவர் ஆண்டொன்றுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணமாக வீசா விண்ணப்பத்தோடு முற்கூட்டியே செலுத்த வேண்டியுள்ளது. நான்காண்டுக்கு அது 3,104 பவுண். கொடுப்பனவு கையில் வருமுன்னரே கையைவிட்டுச் செல்லும் தொகை இது.

ஜேர்மனியிலே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவரிடம் பாடநெறிக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆய்வாளர் பலர் பொதுத்துறைச் சம்பளத் திட்டத்தின்படி அரைப் பதவியிலோ முக்காற் பதவியிலோ நியமிக்கப்படுகின்றனர். சமூகக் காப்புறுதியோடு கூடிய தொழிலாக அது அமைவது அனுகூலம். எனினும் 2007 ஆம் ஆண்டுச் சட்டம், தகைமை பெறும் நோக்கிலான இத்தகைய தற்காலிக நியமனங்களைக் கலாநிதிப் பட்டத்துக்கு முன்னர் பொதுவாக ஆறாண்டு என வரையறுக்கின்றது. அரைப் பதவிக்குரிய சம்பளம் பெற்று முழுநேரம் உழைக்கும் நிலை அங்கும் உண்டு.

4. பணத்தின் மாயத் தோற்றம்

கொடுப்பனவு எவ்வளவு எனக் கேட்டால், மாணவர் உடனே இலங்கை நாணயத்தில் விடை கூறுவர். வீட்டாரும் அவ்வாறே கணக்கிடுவர். இவ்வழக்கம் பெருந்தவறுக்கு இட்டுச்செல்கின்றது. 2022 பங்குனியில் நாணயமாற்று வீதம் தளர்த்தப்பட்டபோது ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை சென்றது. அப்பொழுது அமெரிக்காவிற் கற்றுக்கொண்டிருந்த எமது மாணவரின் கொடுப்பனவு ரூபாக் கணக்கில் ஏறத்தாழ இருமடங்கானது. ஆனால் அங்கே அவர் வாங்கிய பாணின் அளவு கூடவில்லை. மாறியது எமது ரூபாவின் பெறுமதியே. அவரது வாழ்க்கைத்தரம் அன்று. பணம் தன் பின்னாலுள்ள சமூக உறவுகளை மறைத்து, தானே ஒரு பொருள்போலத் தோற்றங் காட்டும் என மார்க்ஸ் விளக்கியதற்கு இதைவிட எளிய உதாரணம் தேவையில்லை.

கணக்கை இவ்வாறு செய்தல் வேண்டும். உதாரணத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. முதலாவது கடிதம் பெருநகர் ஒன்றிலிருந்து மாதம் 2,000 டொலர் தருகின்றது. ஆனால் ஆண்டில் ஒன்பது மாதங்களுக்கு மட்டும். அங்கே ஓர் அறையின் வாடகை 1,100 டொலர். இரண்டாவது கடிதம் சிறு நகரொன்றிலிருந்து மாதம் 1,700 டொலர் தருகின்றது, பன்னிரண்டு மாதங்களுக்கும். அங்கே வாடகை 600 டொலர். முதலாவதின் ஆண்டு வருமானம் 18,000, பன்னிரண்டு மாத வாடகை 13,200, எஞ்சுவது 4,800. இரண்டாவதின் வருமானம் 20,400, வாடகை 7,200, எஞ்சுவது 13,200. உணவு, போக்குவரத்து, நூல், வீட்டுக்கு அனுப்புவது ஆகிய யாவற்றுக்கும் முதலாமவரிடம் மாதம் 400 டொலரும், இரண்டாமவரிடம் 1,100 டொலரும் இருக்கும். கடிதத்தின் முதற் பக்கத்திற் பெரிதாகத் தெரிந்தது முதலாவதே என்பதை மறக்கலாகாது. இக்கணக்கிலிருந்து வரியையும் பல்கலைக்கழகத்தின் சில்லறைக் கட்டணங்களையும் மேலும் கழிக்க வேண்டும்.

நிதியின்றி வரும் அனுமதிக் கடிதம் பற்றித் தனியே கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருவர் எம்மிடம் இரண்டு கடிதங்களைக் கொண்டுவந்தார். ஒன்று உலகறிந்த பல்கலைக்கழகமொன்றின் முதுகலைமாணிப் படிப்புக்கானது, நிதி எதுவுமில்லை. மற்றது பெயர் அதிகம் அறியப்படாத ஒன்றின் கலாநிதிப் படிப்புக்கானது. முழு நிதியும் உண்டு. முதலாவதற்காக வயற்காணியை விற்பதென வீட்டில் ஏற்கனவே தீர்மானித்துவிட்டனர். தந்தையார் விலையும் பேசிவிட்டார். நாம் அன்று அவரிடம் கேட்டவை இரண்டு வினாக்களே: அந்த ஓராண்டு முடிந்தபின் எங்கே நிற்பீர்கள்? அந்தக் காணியின் விளைவில் இப்பொழுது யார் யார் உண்கின்றனர்? இரண்டாவது வினாவுக்கு விடை கூறும்போது தம்பிமார் இருவரின் பெயரைச் சொன்னார். காணி விற்கப்படவில்லை. புகழ்பெற்ற நிறுவனங்கள் பல, கட்டணம் அறவிடும் முதுகலைமாணிப் படிப்புகளை வருமானத்துக்கான வழியாகவே நடத்துகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. அத்தகைய கடிதத்தில் 'தெரிவு' என்ற சொல்லின் பொருள் 'விற்பனை' என்பதற்கு மிக அண்மையில் உள்ளது.

5. மேற்பார்வையாளரும் துறையும்

ஆய்வு மாணவரின் நிலை ஒருவரைச் சார்ந்த நிலை. நிதி, சிபாரிசுக் கடிதம், ஆய்வேட்டின் ஏற்பு ஆகிய மூன்றும் மேற்பார்வையாளர் ஒருவரின் கையிற் குவிந்திருப்பதால், அவர் எத்தகையவர் என்பதை அறியாது முடிவெடுத்தல் ஆபத்தானது. இதனை அவரிடமே கேட்டறிய முடியாது. அவரிடம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர் இருவரிடமேனும் தனித்தனியே கேட்க வேண்டும். எழுதியனுப்பும் அத்தியாயத்தை எத்தனை வாரங்களில் வாசிப்பார்? அண்மையில் அவரிடம் கற்றோர் எத்தனை ஆண்டுகளில் முடித்தனர்? முடிக்காமல் விலகியோர் உளரா? அவர் ஓய்வு பெறவோ வேறிடம் செல்லவோ இருக்கின்றாரா? அவ்வாறாயின் அத்துறையில் இவ்வாய்வை மேற்பார்வை செய்யக்கூடிய இன்னொருவர் உண்டா? தமிழ் போன்ற சிறு துறைகளில் ஒருவரின் ஓய்வோடு துறையே மூடப்படும் அபாயம் உண்டு என்பதால் இறுதி வினா எமக்கு முக்கியமானது.

அரசியற் சூழலும் கணக்கிற் சேரவேண்டியதே. 2025 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே ஆய்வு நிதிகள் பெருமளவில் வெட்டப்பட்டபோது, உயிர்மருத்துவத் துறைகள் சிலவற்றில் ஏற்கனவே வழங்கப்பட்ட அனுமதிகளும் மீளப்பெறப்பட்டன. அவ்வாண்டு மே மாத இறுதியில் மாணவர் வீசாவுக்கான புதிய நேர்முகங்களை ஒதுக்குவது ஏறத்தாழ மூன்று வாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே ஒரு கடிதத்தை ஏற்கும்போது, அது கைகூடாவிடின் செய்யவேண்டியது யாது என்பதையும் சேர்த்தே திட்டமிடல் வேண்டும். உள்நாட்டிற் கையிலுள்ள வேலையை வீசா கிடைக்கும்வரை விடாதிருத்தல் அதன் முதற்படி.

6. பயணத்தின் ஒழுங்கு

அமெரிக்கப் பட்டதாரிக் கல்வி நிறுவனங்களின் மன்றத்தில் அங்கம் வகிக்கும் பல பல்கலைக்கழகங்கள் 'ஏப்ரல் 15 தீர்மானம்' எனப்படும் உடன்பாட்டை ஏற்றுள்ளன. அதன்படி நிதியுதவியோடு கூடிய அனுமதிக்கு அத்தேதிக்கு முன்னர் விடை கூறுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இதனை அறியாது, முதலில் வந்த கடிதத்துக்கு அச்சத்தால் உடன்படுவோர் உளர். அதே வேளை, ஏற்கப்போவதில்லை எனத் தெளிந்த இடத்தை இறுதிநாள்வரை பிடித்து வைத்திருப்பதும் நன்றன்று. அவ்விடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் எம்மைப் போன்ற இன்னொரு நாட்டின் ஏழை மாணவர் இருக்கக்கூடும். மறுப்புக் கடிதத்தை உடனே அனுப்புதல் மரியாதை மட்டுமன்று, ஒருவகைத் தோழமையுமாகும்.

முடிவு எடுத்தபின் முதலில் ஆவணங்களைத் திரட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்று அறிக்கை, கடவுச்சீட்டு ஆகியவற்றிற் பெயர் ஒரே எழுத்துக் கூட்டலில் இருத்தல் அவசியம். வடக்குக் கிழக்கில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்களிலும், மலையகத் தோட்டக் குடும்பங்களிலும் பிறந்தோர் பலரின் ஆவணங்கள் தொலைந்தோ, பெயர் பிழையாகப் பதியப்பட்டோ உள்ளன. இவற்றைத் திருத்துவதற்கு மாதங்கள் செல்லும். எனவே கடிதம் வருமுன்னரே, விண்ணப்பிக்கும் காலத்திலேயே அதனைத் தொடங்குதல் நன்று. அமெரிக்காவுக்குச் செல்வோர் பல்கலைக்கழகத்தின் ஐ-20 பத்திரம் கிடைத்தபின் மாணவர் பதிவுக் கட்டணமாக 350 டொலர் செலுத்தியே வீசா நேர்முகத்துக்குச் செல்ல முடியும். பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குச் செல்லும் இலங்கையர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் பெறவேண்டும்.

குடும்பத்தவரை உடனழைத்துச் செல்லும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. பிரித்தானியா 2024 தை முதல் பெரும்பாலான முதுகலைமாணி மாணவருக்கு அதனை மறுத்து, ஆய்வுப் பட்ட மாணவருக்கும் அரச புலமைப்பரிசில் பெற்றோருக்கும் மட்டுமே அனுமதிக்கின்றது. அமெரிக்காவில் மாணவரோடு செல்லும் வாழ்க்கைத்துணை எப்-2 வீசாவில் வேலை செய்ய முடியாது. திருமணமான பெண் ஆய்வாளர் பலரின் தெரிவு ஆய்வு வினாவால் அன்றி இவ்விதிகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்ற வினா ஆண் விண்ணப்பதாரியிடம் எழுப்பப்படுவது அரிது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

முதல் மாதமே மிகக் கடினமானது. கொடுப்பனவு பெரும்பாலும் மாத முடிவில், சிலவேளை அதற்கும் பின்னர் வரும். வீட்டுச் சொந்தக்காரரோ முற்பணத்தையும் முதல் மாத வாடகையையும் வாசலிலேயே கேட்பார். நாம் ஆய்வுக்காகச் சென்றபோது முதற் கொடுப்பனவு ஆறாவது வாரத்தில் வந்தது. அதுவரை முன்பின் அறியாத மூத்த மாணவரொருவர் தமது அறையின் ஒரு மூலையையும் சமையற் பாத்திரத்தையும் எம்மோடு பகிர்ந்துகொண்டார். எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கும் எனக் கூறமுடியாது. ஏறத்தாழ இரண்டு மாதச் செலவுக்கான தொகையைக் கையில் வைத்திருப்பது பாதுகாப்பு. அதற்காக நகையை அடகுவைக்குமுன், பல்கலைக்கழகத்திடம் முற்கொடுப்பனவோ வட்டியில்லாக் கடனோ கிடைக்குமா என எழுதிக் கேட்க வேண்டும். கேட்பவருக்கு மட்டும் கொடுக்கும் நிறுவனங்கள் பல உள்ளன.

7. திரும்புதல் பற்றி

எமது பல்கலைக்கழகங்களிலிருந்து கல்வி விடுமுறையிற் செல்லும் விரிவுரையாளர், குறிப்பிட்ட காலம் திரும்பிவந்து சேவையாற்றுவதாகப் பிணையாளிகளோடு ஒப்பந்தம் கைச்சாத்திடுகின்றனர். அதனை மீறியோரிடமிருந்து அறவிடப்படாத தொகைகளைக் கணக்காய்வு அறிக்கைகள் மீண்டும் மீண்டும் சுட்டியுள்ளன. சென்றவர் திரும்பாதபோது பிணை நின்ற சக விரிவுரையாளரின் சம்பளத்தில் அச்சுமை வீழ்கின்றது. ஆகவே கைச்சாத்திடுமுன் அவ்வொப்பந்தத்தையும் அனுமதிக் கடிதத்தைப் போன்றே வரிவரியாக வாசிக்க வேண்டும். இங்கு அனுமதிக்கப்படும் விடுமுறைக் காலமும் அங்கு ஆய்வுக்குத் தேவைப்படும் காலமும் பொருந்துகின்றனவா என்பது முதல் வினா. அமெரிக்க அரச நிதியில் ஜே-1 வீசாவிற் செல்வோர், படிப்பு முடிந்தபின் ஈராண்டு தாய்நாட்டில் வசித்த பின்னரே சிலவகை வீசாக்களைப் பெறலாம் என்ற விதியும் உண்டு.

ஆனால் கடப்பாடு என்பது பிணைப்பத்திரத்தோடு முடிவதன்று. 1945 இற் செயற்பட்ட இலவசக் கல்வித் திட்டத்தின் பயனாகவே எம்மிற் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் புகுந்தோம். அதன் செலவை ஏற்பது 'அரசு' என்று சொல்லப்பட்டாலும், அரச வருமானத்தின் பெரும்பகுதி பொருள்களின்மீதும் சேவைகளின்மீதும் விதிக்கப்படும் வரிகளிலிருந்தே வருகின்றது. 2024 தை முதல் 18 சதவீதமான பெறுமதி சேர் வரியைக் கொழுந்து பறிக்கும் பெண்ணும், கடற்றொழிலாளியும், விவசாயியும் கடையிற் பொருள் வாங்கும்தோறும் செலுத்துகின்றனர். பட்டதாரி ஒருவரை உருவாக்கும் செலவு இங்கே. அவரது உழைப்பின் பயன் பிறநாட்டில். இது தனிமனிதரின் நன்றி மறத்தலால் மட்டும் விளைவதன்று. உலக முதலாளித்துவத்தின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையிலான சமனற்ற பரிமாற்றத்தின் ஒரு வடிவம். 1983 இன் பின்னர் திரும்ப விரும்பியும் திரும்ப முடியாதவர் எத்தனையோ பேர். 2022 இன் நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் விலகிச் சென்றதற்கும் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. ஆதலாற் சென்றவரைத் துரோகிகளென ஏசுவது பயனற்றது.

எனினும் காரணங்களை அறிவது பொறுப்பை நீக்கிவிடுவதில்லை. கைலாசபதி திரும்பிவந்து, 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதலாவது தலைவரானார். இலண்டனிற் கற்ற வித்தியானந்தன் 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரானார். சிவத்தம்பி அங்கே நெடுங்காலம் கற்பித்தார். அவர்கள் பிறமொழியிற் பெற்ற முறையியலைத் தமிழில் எழுதி, வகுப்பிலும் சஞ்சிகையிலும் மேடையிலும் பொதுவுடைமையாக்கினர். திரும்ப முடியாதவரும் செய்யக்கூடியவை பல உள. ஆய்வேட்டின் பிரதியை இங்குள்ள நூலகத்துக்கு அனுப்புதல், அதன் சாரத்தைத் தமிழிற் கட்டுரையாக்குதல், அங்கே படியெடுத்த ஆவணங்களை இங்குள்ள மாணவருக்குக் கிடைக்கச் செய்தல், அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவரின் ஆய்வு முன்மொழிவை வாசித்துத் திருத்துதல் ஆகியன அவற்றுட் சில.

தொகுத்து நோக்குமிடத்து, இரண்டு கடிதங்களோடு வரும் மாணவரிடம் நாம் கேட்கக்கூடிய வினாக்கள் நான்கு: உமது ஆய்வு வினா எது, அதற்கு வேண்டியதும் இங்கே கிடைக்காததும் எது, அதனைப் பெறும் காலத்தில் உமது உழைப்புக்கு அவர்கள் தரும் மெய்யான ஊதியம் எவ்வளவு, பெற்றதை யாரிடம் கொண்டுவந்து சேர்ப்பீர்? இந்நான்குக்கும் எழுத்தில் விடை கண்டபின்னர், எது பெரிய பல்கலைக்கழகம் என்ற வினாவை அவர் விரும்பினாற் கேட்கலாம். எமது அனுபவத்தில், அந்நிலைக்கு வந்தோர் அதனைக் கேட்பதில்லை.